கடலப் பாத்த பக்கம்

ஊரு
9 நவம்பர் 2024

ஆமா அக்கா, விட்டுட்டேன். ஒன்னப் பாக்க வந்தப்ப அம்மை சொன்னது நெசந்தான். ஆகஸ்டுலருந்தே பாலிடெக்னிக்குக்குப் போவல. மூணு மாசமா பையத் தூக்கிட்டு பஸ் ஏறுவேன், நாகர்கோவில்ல எறங்குவேன், ஸ்டேடியம் பக்கத்துல உக்காந்து போறவன் வாறவன படம் போடுவேன், சாயங்காலம் நல்ல பிள்ளையா வீட்டுக்கு வருவேன். ஏன்னு கேட்டிருக்கே. மெஷின் டிராயிங் சாரு எனக்க தாள எல்லாரு முன்னாலயும் தூக்கிக் காட்டி, "இது என்னலே பொம்மை படம்?"னு கிழிச்சாரு. அவரு கிழிச்சது ஒரு தாளு. நா மொத்தத்தையும் கிழிச்சுட்டேன். அவ்வளவுதான். அறிவுரை எழுதாத. எழுதுனா வாசிக்க மாட்டேன்.

இனி முறையா வாறேன். பிரீனா அக்காவுக்கு தம்பி லிஜோ எழுதுதேன். இஞ்ச எல்லாரும் உசிரோட இருக்கோம். அம்மைக்கு முட்டு வலி, ஆனாலும் தலையில சுமக்க மீன் சருவத்த எறக்கி வைக்க மாட்டேங்கா. அப்பாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, வாயிலதான் வார்த்தை இல்ல, அதுவும் எங்கிட்ட மட்டும். ஒனக்க தலைவலி எப்படி இருக்கு? ஒங்க கன்னியர் மடத்துல சிஸ்டர் உடுப்பு போடுறது வரைக்கும் போன் கெடயாதுன்னு, இந்தக் காலத்துல ஒரு பய லெட்டர் எழுதிட்டு இருக்கேன். தபால் ஆபீஸ் அக்கா சிரிக்கா. பெரிய சிஸ்டர் பிரிச்சு வாசிச்சுட்டுதான் தருவாவளாமே. சிஸ்டர், வணக்கம். சொகமா இருக்கியளா?

ஒரு நல்ல விசயம். நாகர்கோவில்லருந்து அபிதான்னு ஒரு அக்கா வாறாவ. கரையோரப் பிள்ளையளுக்குக் கலைத் திட்டமாம். ஊருல பதினோரு பேரு சேந்திருக்கோம். அடுத்த வீட்டு ஸ்மைலின் இருக்கா, பெர்லின் இருக்கான். "நீங்களே ஊர்ல விசாரிங்க, நீங்களே முடிவு செய்யுங்க, நீங்களே வரையுங்க"ன்னு சொன்னாவ. எங்கிட்ட "நீங்களே"ன்னு எவனும் சொன்னது இல்ல அக்கா. படம் போட பஞ்சாயத்துல தண்ணித் தொட்டிய எழுதி வாங்கியாச்சு. அம்மாடி, எம்மாம் பெரிய தாளு! இத எந்த சாரு கிழிப்பாரு?

அப்பா கடல்ல வள்ளம் ஓட்டும்போது வழி பாக்க ஜிபிஎஸ் பெட்டி உப்புத்தண்ணி குடிச்சுட்டு. கோட்டாத்துல குடுத்து சரியாக்கணும்னு அம்மை வழியா எங்கிட்ட வந்திருக்கு. பையில கெடக்கு. குடுக்கணும்.

லிஜோ


மடம்
22 நவம்பர் 2024

அன்பு லிஜோவுக்கு, அக்கா நல்லா இருக்கேன். தலைவலி இல்ல. அம்மைய சருவம் சுமக்காண்டாம்னு சொல்லாத, கேக்க மாட்டா. முட்டுக்கு எண்ணெய் மட்டும் தடவிக் குடு.

அறிவுரை எழுதல. நீ கிழிச்சது நல்லதா கெட்டதான்னு சொல்ல எனக்குத் தெரியல மக்கா.

தொட்டின்னா எந்தத் தொட்டி? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நிக்க வெள்ளையடிச்ச தொட்டியா? எந்தப் பக்கம் வரையப் போறே? அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

டிசம்பர் திருவருகைக் காலம். எங்களுக்கு வாற கடுதாசிய எடுத்து வச்சுக்குவாவ, நாங்களும் எழுதக் கூடாது. கிறிஸ்மஸ் கழிஞ்சு பாக்கலாம். அங்க இப்ப காத்து எப்படி? வாடையா, கச்சானா? இஞ்ச சுத்தியும் மதிலு, காத்து எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னே தெரியல.

ஆண்டவர் துணை இருக்கட்டும்.
பிரீனா


ஊரு
28 டிசம்பர் 2024

அப்பாகிட்ட எதுக்கு கேக்கணும்? தொட்டி பஞ்சாயத்துக்க தொட்டி. அப்பாக்க வள்ளத்துலயா வரையப் போறேன்?

கிறிஸ்மஸ் வாழ்த்து, மறந்துட்டேன். எல்லாரும் சொகம். நீ சொகமா? ஒனக்குப் புடிச்ச அச்சுமுறுக்கு அம்மை சுட்டா. தரவிட மாட்டாவளாமே. சிஸ்டர், நீங்களாவது தின்னுங்க.

என்ன வரையப் போறோம்னு கேளு. டிசம்பர் அஞ்சாந்தேதி அம்மை இடலாக்குடி பக்கம் வித்துட்டு பஸ்ல வந்தா. கண்டக்டரு, "நாறுது, எறங்கு"ன்னு பாதி வழியில எறக்கி உட்டுட்டான். முட்டு வலிய வச்சுட்டு காலிச் சருவத்தோட நாலு மைலு நடந்து வந்தா. வீட்டுல வந்து ஒண்ணும் சொல்லல, கால வெந்நில போட்டுட்டு இருந்தா. ஸ்மைலின்தான் எங்கிட்ட சொன்னா. அந்த ▇▇▇▇▇▇ பயல நா தேடிப் போனேன், சிக்கல.

அடுத்த நாள் பதினோரு பேரையும் கூட்டி வச்சுச் சொன்னேன்: தொட்டியில எங்க அம்மையத்தான் வரையணும். ரோட்டப் பாத்து. தலையில சருவம், இடுப்புல கை. நாகர்கோவில் பஸ்ல வாற ஒவ்வொரு பயலும் மொதல்ல அவளப் பாத்துட்டுத்தான் ஊருக்குள்ள எறங்கணும். எல்லாரும் கைதட்டுனாவ. அபிதா அக்கா, "வீடு வீடா கேட்டுட்டு செய்யுங்க"ன்னாவ. பதினேழு மீன்காரிகிட்ட போய்க் கேட்டோம். பதினேழும் "போடு மக்கா"ன்னாவ.

ஊர்க் கமிட்டித் தலைவரு ததேயு மாமாவுக்கு மட்டும் பிடிக்கல. "மீன்காரி படம் போட்டா வெளியூரான் சிரிப்பான்லே. டால்பின் போடு, அழகா இருக்கும்"னாரு. டால்பின்னா ஓங்கல்தானே மாமா, வலையக் கிழிச்சு மீனத் திங்கிற களவாணி, அதுக்கா படம் வைக்கணும்னு கேட்டேன். கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாவ. அவரு சிரிக்கல.

சாரம் கட்டியாச்சு. நாளைக்கு ஏறுதோம்.

லிஜோ


ஊரு
24 ஜனவரி 2025

ஒனக்க லெட்டர் வரல. எடுத்து வச்சுட்டாவளா, நீ எழுதவே இல்லியா? சொகமா இருக்கியா? இஞ்ச சொகம்.

படம் முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. நீ பாத்தா அழுவே. அம்மை முப்பதடி ஒசரத்துல நிக்கா. மூக்குத்திக்கு மட்டும் ஒரு சாண் மஞ்சள். அவளே ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்துட்டு, "ஏலே, எனக்க பல்லு இம்புட்டு பெருசாலே?"ன்னு கேட்டா. அன்னைக்கு மீன் விக்கப் போவும்போது புதுச் சேலை உடுத்திருந்தா.

தொட்டிக்க பின்பக்கம், கடலப் பாத்த பக்கம், அங்கருந்து எவன் பாக்கப் போறான்னு நீலத்த அள்ளி அலை அலையாப் பூசிட்டோம். பெயிண்டும் மிச்சம் இருந்தது.

இப்ப கேளு கூத்த. போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கமிட்டி கூடிச்சு. "தொட்டி தெரியல, கடல்ல ஆளுவளுக்கு வழி தப்புது, அதனால முழுசா வெள்ளையடிக்கணும்"னு தீர்மானம். ஈஸ்டர் கழிஞ்சு, மே மாசத் திருநாளுக்கு முன்ன அடிச்சுருவாவளாம். ஓங்கல் கதைக்கு ததேயு மாமா பழி வாங்குதாரு. வேற ஒண்ணும் இல்ல. இந்தக் காலத்துல எவன்லே தொட்டியப் பாத்து வள்ளம் ஓட்டுதான், எல்லாவன் கையிலயும் ஜிபிஎஸ் இருக்குன்னு எழுந்திரிச்சு கேட்டேன். அப்பா பின் வரிசையில இருந்தாரு. என்ன ஒரு பார்வை பாத்தாரு. எழும்பி வெளிய போயிட்டாரு.

போவட்டும். சுண்ணாம்புச் சட்டியோட எவன் ஏறுதான்னு நானும் பாக்கேன்.

லிஜோ


மடம்
4 பெப்ரவரி 2025

அன்பு லிஜோவுக்கு, நல்லா இருக்கேன். நீ டிசம்பர்ல எழுதுனதும் ஜனவரில எழுதுனதும் முந்தாநாள்தான் சேந்து கைக்கு வந்துது. கண்டக்டரத் திட்டுன எடத்துல சிஸ்டர் மை பூசியிருக்காவ. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு வாசிச்சேன். சரியாத்தான் திட்டியிருக்கே.

அம்மைக்க படத்த நெனச்சு மூணு நாளா சிரிச்சுட்டு இருக்கேன். ஆனா லேய், நீ மடையன்.

கணியம்னு கேட்டிருக்கியா? மீன் வீட்டுல பொறந்துட்டு கேக்காம இருக்க முடியாது. கடல்ல நின்னு கரையப் பாக்கும்போது கரையில ஒண்ணும் அதுக்குப் பின்னால மலையில ஒண்ணும் ஒரே நேர்ல வரும். அந்த நேர வச்சுத்தான் கீழ என்ன இருக்குன்னு தெரியும். வெள்ளத் தொட்டி மருத்துவாமலைக்க மூக்குக்கு நேரா வந்தா, கீழ கடலுக்கடியில பார் கெடக்கு. கல்லு. வலை போட்டா கிழிச்சுரும். வள்ளத்த அதுக்குக் கொஞ்சம் மேக்க நிறுத்தணும். தொட்டி வெள்ளையா இருந்தாத்தான் அது தெரியும். ததேயு மாமா பழி வாங்குறாருன்னே வை. ஆனா அவரு சொன்னது பொய் இல்ல.

அப்பாக்க ஜிபிஎஸ்ஸ கோட்டாத்துல குடுத்தியா? அதப் பத்தி நீ ஒண்ணுமே எழுதல.

ஒரு நாள் அப்பாகூட வள்ளத்துல போ. கரையில நின்னு கத்தாத. அங்கருந்து பாரு.

பிரீனா


ஊரு
25 பெப்ரவரி 2025

போவ மாட்டேன்னு மூணு லெட்டர் எழுதி மூணையும் கிழிச்சுட்டேன். பின்ன போனேன்.

நீ சொகமா? நா சொகமில்ல. கடல்ல போய் எட்டு தடவ வாந்தி எடுத்தவன் எப்படி சொகமா இருப்பான்?

அம்மைகிட்ட, "நாளைக்கு நானும் வள்ளத்துல வாறேன்னு அப்பாகிட்ட சொல்லு"ன்னேன். அவரு ரெண்டடி தள்ளி உக்காந்து கஞ்சி குடிச்சுட்டு இருந்தாரு. அம்மைகிட்ட, "வெறும் வயித்துல வரச் சொல்லு"ன்னாரு. விடியும்போது தள்ளுனோம். அப்பா, பெர்லின்க்க மாமன், நா. மூணாவது அலையிலேயே தொடங்கிட்டேன். நீயாவது சொல்லியிருக்கலாம்.

வெளிச்சம் வந்ததும் அப்பா கரைய நோக்கிக் கைகாட்டுனாரு. நாலு மாசத்துக்குப் பெறவு எனக்க மொகத்தப் பாத்து மொத வார்த்த: "தொட்டியக் காட்டு."

மலை நிக்கு. கோயில் கோபுரம் நிக்கு. தொட்டி இல்ல அக்கா. தேடுதேன், தேடுதேன், இல்ல. நாலு டின் நீலம், வானத்தோட வானமா கரைஞ்சு கெடக்கு. பெர்லின்க்க மாமன், "லேய், அம்மைய எங்கலே ஒளிச்சு வச்சே?"ன்னாரு. சிரிக்கத்தான் சொன்னாரு. அப்பா சிரிக்கல, திட்டவும் இல்ல. வள்ளத்தத் திருப்புனாரு.

வீட்டுக்கு வந்து பின்னால போனேன். தார்ப்பாய்க்க அடியில வலை கெடந்தது. மூணு துண்டா. ஜனவரி பதினாறாந்தேதி பாருல விழுந்து கிழிஞ்சிருக்கு. கமிட்டில சத்தம் போட்டது வேற ஆளுவ. கிழிஞ்சது அப்பாக்க வலை. நாப்பது நாளா எவன்கிட்டயும் சொல்லாம வேற ஆளுக்க வள்ளத்துல கூலிக்குப் போயிட்டு இருந்திருக்காரு. அன்னைக்கு எனக்காகத்தான் சொந்த வள்ளத்த எறக்கியிருக்காரு.

ஜிபிஎஸ். அத நா எழுதல, ஏன்னா குடுக்கல. நவம்பர்லருந்து எனக்க பையில பிரஷ்ஷுவளுக்குக் கீழ கெடந்தது. மறந்துட்டேன். தொட்டிய அழிச்சதும் நா, பெட்டிய மறந்ததும் நா. சிஸ்டர், இதுல மை பூசாதியும். இது இருக்கட்டும். நேத்து கோட்டாத்துல குடுத்துட்டேன். தேறாதுன்னு சொல்லுதான்.

ஆனா சுண்ணாம்பு அடிக்க விடமாட்டேன். தப்பு கடல் பக்கத்துலதான். ரோட்டுப் பக்கம் அம்மை நிக்கட்டும். கடல் பக்கத்த நானே வெள்ளையாக்கித் தாறேன், படமாவே ஆக்கித் தாறேன்னு கமிட்டில போய்ச் சொன்னேன். ததேயு மாமா, "ஒனக்க படம் எல்லாம் பாத்தாச்சு. தீர்மானம் தீர்மானந்தான்"னாரு.

அம்மையப் பின்பக்கமா, வெள்ளச் சேலையில வரையலாம்னு ஸ்மைலின் சொன்னா. அம்மைகிட்ட சொன்னேன். சருவத்தால அடிக்க வந்துட்டா. "ஒங்கப்பன் கடல்ல போயிட்டு வந்துட்டு இருக்க மனுசன். எனக்கா வெள்ள உடுத்துதே? நாக்க அறுத்துருவேன்." எனக்கு மண்டையில ஏறவே இல்ல. இந்த ஊருல வெள்ள சேலை யாரு உடுத்துவான்னு எனக்குத் தெரியாதா? நா மடையன்தான்.

வெள்ளையும் வேணும், துக்கமும் ஆவக் கூடாது. என்னத்த வரைய?

லிஜோ


மடம்
11 மார்ச் 2025

லிஜோ, தவக்காலத்துல கடுதாசி எழுதக் கூடாது. எழுதுதேன். சிஸ்டர் கையில குடுக்காம தபால்ல போடுறதும் நானேதான்.

அம்மைக்க இரும்புப் பெட்டியில அடியில எனக்க புதுநன்மை உடுப்பு, சின்னதுல கோயில்ல மொதமொதலா நன்மை வாங்குனப்ப போட்டது, இருக்கும். அது வெள்ள. அதப் பாத்து யாரும் அழ மாட்டாவ. அளவு வேணும்னா எடுத்துப் பாத்துக்கோ.

வேற ஒண்ணும் இல்ல. நல்லா இரு. வள்ளத்துல போனா அடிவானத்தப் பாரு, வாந்தி நிக்கும்.

பிரீனா


ஊரு
8 ஏப்ரல் 2025

இத நீ ஏன் எங்கிட்ட சொன்னதே இல்ல?

உடுப்ப எடுத்தேன். கை வைக்க எடத்துல ரிப்பன், கழுத்துல முத்து, எல்லாம் அப்படியே இருக்கு. கீழ் மடிப்பு மட்டும் முழுசா மண்ணெண்ணெய்க் கறை. புதுநன்மை உடுப்புல எப்படி மண்ணெண்ணெய் வந்துதுன்னு அம்மைகிட்ட கேட்டேன். உடுப்ப வாங்கி மடியில வச்சா. பின்ன சொன்னா.

பத்து வயசு வரைக்கும் அப்பா ஒன்னக் கூட்டிட்டுப் போவாராமே. என்ன இல்ல, ஒன்ன. நா அலையப் பாத்தாலே கத்துவேனாம். நீ முன்னால உக்காந்து கணியம் சொல்லுவியாம், அப்பாவ விட ஒனக்கு முன்னாலேயே தெரியுமாம். புதுநன்மை எடுத்த அன்னைக்கு விருந்த விட்டுட்டு, உடுப்போட, எஞ்சின் பக்கத்துல ஏறி உக்காந்துட்டியாம். கரையில அத்தன பேரும் பாக்க, "வயசாவப் போற பெண்பிள்ளைய வள்ளத்துல ஏத்துதியே, ஒனக்கு ரோசம் இல்லியா?"ன்னு நாலு பேரு அப்பாவப் பேசிப்போட்டாவளாம். அப்பா ஒன்னத் தூக்கி எறக்கி உட்டாராம். நீ அழலயாம். அதுக்குப் பெறவு கடல்கரைப் பக்கமே வரலயாம்.

எனக்கு அப்ப ஏழு வயசு. அன்னைக்கு விருந்துல கேக் தின்னது மட்டுந்தான் எனக்கு ஞாபகம்.

சரி. நா எழுதி நிரப்ப மாட்டேன். அந்த உடுப்போட ஒன்னக் கடல் பக்கத்துல வரைஞ்சுட்டேன்.

ஸ்மைலினும் பெர்லினும் சாரத்துல, நா கீழ நின்னு சத்தம் போடுதேன்னு நெனைக்காத. இந்தத் தடவ நா கடல்ல நின்னேன். அப்பா எஞ்சின நிறுத்திப் பிடிச்சுட்டு இருந்தாரு. நா போன்ல, "பாவாடைய இன்னும் விரி, கை வேண்டாம், தலமுடி வேண்டாம், வெள்ள பத்தல"ன்னு கத்துதேன். மூணு மைலுல மூக்கு கண்ணு ஒண்ணும் தெரியாது. உடுப்பு மட்டுந்தான் தெரியும். நாலு நாளு கடல்ல போய்ப் போய்ப் பாத்து, அழிச்சு அழிச்சுப் போட்டோம். அஞ்சாவது நாள் அப்பா, "நிறுத்து, போதும்"னாரு. ரெண்டு தடவதான் வாந்தி எடுத்தேன். அடிவானத்தப் பாத்தேன்.

ஆனா கமிட்டி எறங்கி வரல. "வெள்ளைதான் தெரியுதே மாமா, பின்ன என்ன?"ன்னு கேட்டா, "ரோட்டுப் பக்கம் மீன்காரி, கடல் பக்கம் பிள்ளையா? திருநாளைக்கு வெளியூர் ஆளு வருவான். எல்லாம் ஒரே வெள்ள"ன்னு சொல்லுதாரு. மே மாசம் மூணாந்தேதி காலையில ஆளு வருதாம்.

அம்மை சொகம். நீ சொகமா? ஒனக்கு மே மாசந்தானே உடுப்பு போடுறது? அம்மை தேதி கேக்கா.

லிஜோ


மடம்
23 ஏப்ரல் 2025

அன்பு லிஜோவுக்கு, உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. நல்லா இருக்கேன். இது மரியாதைக்கு எழுதுறது இல்ல, நெசமாவே.

ஒண்ணு மட்டும் கேக்கணும். என்ன எந்தப் பக்கம் பாக்க வச்சிருக்கே? கரையப் பாத்த மாதிரி நிக்க வச்சிருந்தியான்னா, சுண்ணாம்பு அடிக்க நானே வருவேன்.

காத்து மாறியிருக்குமே. கச்சான் தொடங்கிட்டா?

மே மாசத்தப் பத்தி அம்மை கேட்டா, அவளுக்குத் தனியா கடுதாசி வரும்னு சொல்லு. நீ வேற ஒண்ணும் சொல்லாத. சிஸ்டர்கிட்ட நா பேசிட்டேன்.

பிரீனா


தொட்டிக்கு அடியில
3 மே 2025, காலம்பற

கடலத்தான் பாக்கே. கரைக்கு முதுகக் காட்டிட்டு நிக்கே. ஒன்ன நா வேற எப்படிப் போடுவேன்?

கச்சான் தொடங்கிட்டு. எல்லாரும் சொகம். இத ஒரு சிமெண்டு சாக்கு மேல உக்காந்து எழுதுதேன், எழுத்து ஆடும். மே மாசத்தப் பத்தி அம்மைகிட்ட ஒண்ணும் சொல்லல. நீ சிஸ்டர்கிட்ட என்ன பேசுனேன்னு எங்கிட்ட சொல்லவும் வேண்டாம். நீ எது உடுத்தாலும் சரி.

அம்மை நேத்து அதே பஸ்ல ஏறுனா. அதே கண்டக்டரு. தொட்டிய வளைஞ்சு வரும்போது அவன் மேல பாத்தானாம், பின்ன அம்மையப் பாத்தானாம், திரும்ப மேல பாத்தானாம். மன்னிப்பு கேட்டானான்னு கேட்டேன். "சில்லறை கேட்டான்"னா. சருவத்த அவன்கிட்ட பிடிக்கச் சொல்லிக் குடுத்துட்டு, சாவகாசமா சில்லறை எடுத்தாளாம்.

பெரிய விசயம் இதுதான். போன செவ்வாக்கெழம நா அப்பாகூட வள்ளத்துல இருந்தேன். மூடலு, மத்த வள்ளங்கள் கண்ணுக்குத் தெரியல. வயர்லெஸ்ஸுல பக்கத்துல எங்கயோ நிக்க ஒருத்தன், "பார் எங்கன இருக்கு அண்ணே, வலை எறக்கலாமா?"ன்னு கேட்டான். அப்பா கரையப் பாத்தாரு. மூடலுக்குள்ள வெள்ளையா ஒரு பொட்டு. மைக்க எடுத்து, "எறக்காத. பிரீனா மலை மூக்குக்கு நேரா நிக்கா. பிரீனாவுக்கு மேக்க போ"ன்னாரு. அவன் எந்த பிரீனான்னு கேக்கல. "சரி அண்ணே, பிரீனாவுக்கு மேக்க"ன்னான். இப்ப ஊருக்க பதினாலு வள்ளத்துலயும் அதான் தொட்டிக்குப் பேரு. "பிரீனாவப் பிடிச்சுட்டு வா", "பிரீனா தெரியுதாலே?" கடல் பூரா ஒனக்க பேரத்தான் கத்துதானுவ. வள்ளத்துல ஏத்தக் கூடாதுன்னு அன்னைக்குச் சொன்ன நாலு பேருல ரெண்டு பேரு இன்னும் கடலுக்குப் போறாவ. அவியளும் கத்துதாவ.

இன்னைக்கு சுண்ணாம்பு நாளு. விடியும்போது சண்டைக்குத் தயாராத்தான் வந்தேன். வந்து பாத்தா எனக்கு முன்னாலயே அப்பா இருக்காரு. கிழிஞ்ச வலை முழுசையும் கொண்டாந்து தொட்டிக்க ஏணியில கட்டி விரிச்சுட்டு, கீழ உக்காந்து ஊசியும் நூலுமா பின்னிட்டு இருக்காரு. சுண்ணாம்புக்காரன் கால் வைக்க ஏணியில ஒரு படி பாக்கி இல்ல. பெர்லின்க்க மாமனும் இன்னும் ஆறேழு பேரும் அவியவிய வலையோட வந்து தூணுல கட்டிட்டாவ. கடலுக்கு இன்னைக்கு ஒரு வள்ளமும் போவல. அபிதா அக்கா பாத்துட்டு, "இது யாரு பிளான்?"னு கேட்டாவ. எவன் பிளானும் இல்ல. வலை கிழிஞ்சா பின்னணும், பின்ன எங்கயாவது கட்டணும், அவ்வளவுதான்.

"எத்தன நாளு ஆவும்பா?"ன்னு கேட்டேன். நேரா எனக்க மொகத்தப் பாத்துச் சொன்னாரு: "பெரிய கிழிசல்லா மக்கா. திருநாளு கழியும். ஊசி பிடிக்கத் தெரியுமா?"

தெரியாதுன்னேன்.

ததேயு மாமா வாறாரு. பின்னால ரெண்டு ஆளு, சட்டி, பிரஷ்ஷு, கயிறு. அப்பா தலைய நிமித்தல, ஊசியில நூலு கோத்து எனக்கு நீட்டிட்டு இருக்காரு. நா போணும்.